புகையைப் பார்த்துப் போட்ட கணக்கு

புன்னை நாட்டு மன்னர் சிங்கமுத்துராயருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று சாப்பாடு. இன்னொன்று, யாராவது புதுத் திட்டம் என்று வாயெடுத்தாலே தலையாட்டிவிடுவார். தலையாட்டும்போது காதில் ஒன்றும் விழாது.

அந்த நாட்டில் காடெல்லாம் அரண்மனைக்குச் சொந்தம். அடுப்பெரிக்க வேண்டுமென்றால் அரண்மனை விறகுக் கிடங்குக்குத்தான் போகவேண்டும். காசைக் கொடு, கட்டைத் தூக்கு, வீட்டுக்கு நட. பச்சைப் பிள்ளைக்கும் புரியும். அதிகாரி மகுடேசருக்கு அதுதான் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டால் அப்புறம் அதிகாரி எதற்கு?

புது முறை கொண்டுவந்தார். இனிமேல் விறகுக் காசை முன்கூட்டியே கட்டவேண்டும். எவ்வளவு என்பதைக் கோட்டைக் கோபுரத்தில் நிற்கும் சேவகன், வீட்டுக்கு வீடு எழும்பும் புகையைப் பார்த்து உத்தேசமாகச் சொல்வான். காலைப் புகைக்கு ஒரு விலை, மாலைப் புகைக்கு ஒரு விலை. அடுப்பே மூட்டாவிட்டாலும், அடுப்பு என்று ஒன்று இருப்பதற்கு ஒரு விலை. உத்தேசம் கூடிப்போனால் பின்னால் நேர் செய்யப்படும். பின்னால் என்றால் எப்போது? அதுவும் பின்னால்தான் தெரியும்.

ஊரே தலைகீழானது. மாலை விலைக்குப் பயந்து ராத்திரிச் சாப்பாட்டை விடியற்காலையிலேயே தின்று தீர்த்தார்கள் சிலர். ஒரு புண்ணியவான் தன் வீட்டுப் புகையை முறத்தால் விசிறிப் பக்கத்து வீட்டுக் கூரைப் பக்கம் அனுப்பினான். பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? கைக்கொரு முறத்தோடு கூரையில் ஏறிவிட்டாள்.

அரசவை விகடகவி அம்பலத்தாடி இதையெல்லாம் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான், அவன் தெருக்காரி பொன்னாச்சி வந்து வாசலில் நிற்கும்வரை.

"அண்ணே, கோபுரத்துக்காரன் என்னிக்கோ ஒருநாள் பார்த்திருக்கான். அன்னிக்குன்னு பார்த்து நான் நெல்லு அவிச்சுக்கிட்டிருந்தேன். வருசத்துக்கு ஒரு தடவை வர்ற புகை! அதைப் போய் தினப்படிப் புகைன்னு எழுதிட்டாங்க. அவ்வளவு காசுக்கு நான் எங்கே போவேன்? நாளைக்குக் காலையிலே வந்து அடுப்பை மண்ணை வச்சுப் பூசிடுவாங்களாம். நாளைக்குத்தான் என் மகளுக்கு வளைகாப்பு!"

"அதிகாரிகிட்டே சொன்னியா?"

"சொன்னேன். புகையைத்தான் கேப்போம், உன்னையெல்லாம் கேக்கமாட்டோம்னுட்டாரு."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அம்பலத்தாடிக்கு வந்த சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. சிறிது நேரம் மூக்கைச் சொறிந்தான்.

"பொன்னாச்சி, இன்னிக்குச் சாயங்காலம் உன் அடுப்பிலே ஒரு விருந்து சமைச்சுக் கொடு. செலவு என்னோடது."

"யாருக்குண்ணே?"

"மகாராஜாவுக்கு."

பொன்னாச்சி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

விருந்து என்ற சொல் காதில் விழுந்ததுமே மன்னர் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார். சாயங்காலம் பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வந்தார். அழைப்பின்படி மகுடேசரும் கூடவே வந்தார். அம்பலத்தாடி வீட்டுக் கூடத்தில் இரண்டு தலைவாழை இலைகள். பொன்னாச்சி வீட்டுப் பக்கமிருந்து நெய்யில் வறுபடும் முந்திரி வாசனை. மன்னர் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்தார், காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை.

கடைசியில் அம்பலத்தாடி வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றான்.

"சாப்பாடு திருப்திதானே அரசே? இலையை மடிக்கலாமே!"

"என்ன சாப்பாடு? இலையில் உப்புக்கூட விழவில்லை!"

"சாப்பிட்டுவிட்டீர்கள் அரசே. போன சித்திரைத் திருவிழாவில் தாங்கள் சாப்பிட்டதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் அதே அளவு சாப்பிட்டிருப்பீர்கள் என்று உத்தேசம்."

"உத்தேசமா? என் வயிறு காலியாகக் கிடக்கிறதடா!"

"வயிற்றைக் கேட்கும் வழக்கமில்லை அரசே. குறை இருந்தால் பின்னால் நேர் செய்யப்படும்."

"பின்னால் என்றால் எப்போது?"

"அது பின்னால்தான் தெரியும்."

பசித்த ராஜாவிடம் விளையாடியவன் எவனும் பேரன் பேத்தி எடுத்ததில்லை.

மன்னர் முகம் சிவந்தது. "எந்த மடையன் போட்ட விதி இது?"

"மடையன் போட்டதா? ஐயோ! தாங்கள் தலையாட்டிய விதி அரசே. அடுப்புக்குப் போட்டதைத்தான் இலைக்கும் போட்டேன்." அம்பலத்தாடி மெல்லத் திரும்பினான். "நான் ஏதாவது தவறாகச் சொல்கிறேனா, மகுடேசரே?"

மகுடேசர் தம் இலையின் நரம்புகளை எண்ணத் தொடங்கினார்.

அம்பலத்தாடி பொன்னாச்சி நெல் அவித்த கதையைச் சொன்னான். நாளைக் காலை அந்த அடுப்பைப் பூசப்போவதையும், வளைகாப்பையும் சொன்னான். மன்னரின் வயிறு கூடம் அதிர ஒருமுறை உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இலையில் கைவைக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். நாளை முதல் பழைய முறை. அதிகம் வாங்கியது அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும். அந்த அம்மாள் அடுப்பில் மண்ணை வைப்பவன் வாயில் நான் மண்ணை வைப்பேன். அம்பலத்தாடி, இந்தா மோதிரம். இப்போதாவது சோறு போடச் சொல்லடா!"

பொன்னாச்சி பரிமாற வந்தாள். சோறு, பருப்பு, நெய், ரசம், நாலு வகைக் கறி, முந்திரி மிதக்கும் பாயசம். மன்னர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினார். பக்கத்து இலை காலியாகவே இருந்தது. மகுடேசர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு...?"

பொன்னாச்சி கரண்டியோடு நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு எதுக்குங்க சோறு? நான் சமைச்ச நேரம் பூரா எங்க வீட்டுப் புகையைப் பார்த்திருப்பீங்களே. வயிறு நிறைஞ்சிருக்குமே!"

மன்னர் சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது.