நேரில் வரவேண்டியவர்

விசைப்படகுக்காரர் ராயப்பன் கடலில் மூழ்கி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவருடைய வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டு, மனைவி சலேத்தம்மாள் வருமானவரி அலுவலகத்தில் மனுவோடு வந்து நின்றாள்.

அதிகாரி மனுவில் மரணச் செய்தியைப் படித்தும் அதைத் திருப்பித் தள்ளினார். "கணக்கு அவர் பேர்லதானே இருக்கு? அவரையே நேர்ல வந்து கேக்கச் சொல்லு."

சலேத்தம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"சொல்லுதேன் அய்யா. தினமும் உச்சிவெயில்ல, துணியெல்லாம் ஈரமா, வீட்டுக்கு வந்துட்டுத்தான் போறாக. ஆபீஸ்னா கூச்சப்படுவாக. உங்க வீட்டு விலாசத்தைக் குடுங்க, அங்க அனுப்பி வைக்கேன்."

அதிகாரி மனுவை மெல்ல இழுத்து, மூன்று மாத அவகாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே ஓடிவந்தார். "அம்மா, அவகாசம் குடுத்தாச்சுன்னு மறக்காம அவர்கிட்ட சொல்லிடுங்க."

சலேத்தம்மாள் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"நான் சொல்லணுமா அய்யா? கேட்டுக்கிட்டுத்தான நிக்காக."