மாடசாமியின் குதிரை

குருவுக்கு இருபத்துநான்கு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. மேலப்பாளையத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ரிஸ்வானாதான் குரு. பாத்திரக் கடை சுடலைமணி அண்ணாச்சி சீடர்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணாச்சி கால் ஒடிந்து ஐந்து மாதம் படுத்துக் கிடந்தார். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். லேப்டாப்பைச் சரிசெய்ய வந்த ரிஸ்வானா, பழைய வீடியோ கேம் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மலையும் காடுமாக ஒரு நாடு. அதில் நாம் ஓர் ஆளாக மாறி ஊர் ஊராக அலையலாம். அண்ணாச்சி தன் ஆளுக்கு மாடசாமி என்று பெயர் வைத்தார். அந்த ஐந்து மாதமும் மாடசாமியின் காலால்தான் நடந்தார். அன்றிலிருந்து அவளைக் குருவே என்று கூப்பிடுகிறார். கேலியாகத் தொடங்கியதுதான், இப்போது கேலி இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"குருவே, மாடசாமி போயிட்டான்."

"எங்க போனான்?"

"கேமைத் திறந்தா முதல் படம் வருது, உடனே மூடிக்கிடுது. இருநூறு மணி நேரம் ஆடினது, குருவே."

"நீங்க என்ன பண்ணுனிய?"

பழைய கேம்களுக்கு ரசிகர்கள் புதிது புதிதாக எதையாவது செய்து இணையத்தில் போடுவார்கள். நல்ல மழை, நல்ல குதிரை, அடர்ந்த தாடி. இவை மோட். இவற்றைக் கேமில் ஏற்றி இறக்குகிற மென்பொருள் மோட் மேனேஜர். அண்ணாச்சி ஒரு மேனேஜரை வைத்து நூற்றுப்பத்து மோட் ஏற்றியிருந்தார். பிறகு யூடியூபில் யாரோ இன்னொன்றுதான் ஒசத்தி என்று சொல்ல, முதலாவதை எடுக்காமலே இரண்டாவதையும் போட்டுவிட்டார்.

"ஒரே அடுப்புல ரெண்டு பேரு சமைச்சிருக்காவ" என்றாள் ரிஸ்வானா.

"அதான் கேக்கேன். ரெண்டுல எது நல்ல மேனேஜர்? அதை மட்டும் சொல்லிடுங்க."

அவள் லேப்டாப்பை வாங்கி ஃபோல்டர்களை அங்கே இங்கே திறந்து பார்த்தாள். இரண்டு மேனேஜர்களையும் அழித்தாள். பிறகு கேம் இருந்த ஃபோல்டரையே முழுசாக அழித்தாள்.

"ஐயையோ! உள்ள மாடசாமி இருக்கானே!"

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். கேமை இணையத்திலிருந்து திரும்ப இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவள்பாட்டுக்கு ஒரு பிரிண்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீ வந்தது, அண்ணாச்சி தொடவில்லை. குருவாவது மண்ணாங்கட்டியாவது என்று மனசுக்குள் ஒரு தடவை திட்டினார்.

இறங்கியதும் கேமைத் திறந்தாள். சில பொருள்கள் காணவில்லை, பரவாயில்லையா என்று அது கேட்டது. பரவாயில்லை என்று அழுத்தினாள்.

ஆற்றங்கரையில் மாடசாமி நின்றான். தாடி இல்லை, குதிரை இல்லை. ஆனால் அவனேதான்.

"நிக்கான்" என்றார் அண்ணாச்சி. கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"எப்படி குருவே?"

"நீங்க ஆடினதெல்லாம் வேற ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு. எந்த மேனேஜரும் அங்க கை வைக்கல. முதல்லயே பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா சொல்லல?"

"சொன்னா எங்க கேப்பிய? எந்த மேனேஜர், எந்த மேனேஜர்னுல்லா நின்னிய."

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். "இப்பவும் கேக்கேன். எது?"

"முதலாவதைப் போடுங்க. ஒரே ஒரு மோட், குதிரை."

இரண்டே கிளிக்கில் குதிரை வந்து நின்றது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப அதை எடுங்க."

எடுத்தார். குதிரை போனது. சேணம் மட்டும் இடுப்பளவு உயரத்தில் காற்றில் தொங்கியது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் மாடசாமி அசையவில்லை.

எல்லாவற்றையும் துடைத்து, எடுத்து வைத்திருந்த சுத்தமான நகலைப் போட்டுவிட்டு, "இப்ப ரெண்டாவது" என்றாள். எட்டு கிளிக் ஆனது. அண்ணாச்சி சலித்துக்கொண்டார். குதிரை வந்தது, எடுத்ததும் போனது. மாடசாமி பழையபடி ஆற்றங்கரையோரம் நடந்தான்.

"அப்ப ரெண்டாவதுதான். பேரை எழுதி வச்சுக்கிடுதேன்."

"எழுதாதிய. அடுத்த வருஷம் மூணாவதா ஒண்ணு வரும். யூடியூப்ல அதைத்தான் ஒசத்திம்பாவ."

"அப்ப நான் என்ன பண்ண, குருவே?"

"குதிரை வருதான்னு பாக்காதிய அண்ணாச்சி. குதிரை போனப்புறம் மாடசாமி நடக்கானான்னு பாருங்க."