இன்ஜினீயர் மடியில் தயிர்ப்பானை

கருவேலங்குறிச்சி ஒச்சம்மாள் தினமும் ஷேர் ஆட்டோவில் எட்டு மைல் குலுங்கி, டவுனிலுள்ள ரோடு ஆபீஸ் கேண்டீனுக்குத் தயிர் கொண்டுவருவாள். கிளம்பும்போது கத்தியால் வெட்டலாம் போலிருக்கும் தயிர், வந்து சேரும்போது மோராகி, மேலே வெண்ணெய் மிதக்கும்.

"தயிர்னு சொல்லி மோரை விக்கிறியா? நாளைக்கும் இப்படின்னா ஆபீஸ் வாசலை மிதிக்காதே!" என்று குதித்தார் இன்ஜினீயர் தண்டபாணி.

"ரோடு குலுக்குதுங்கய்யா."

"ரோடா? வந்த நிதி முழுக்கப் போட்டு இழைச்சு வெச்சிருக்கேன். எல்லாம் உன் கைக்கோளாறு!"

அன்று சாயங்காலம் ஒச்சம்மாள் கேண்டீன் அடுப்பிலேயே பாலைக் காய்ச்சி உறை ஊற்றினாள்.

மறுநாள் அந்த ரோட்டைப் பார்வையிடச் சென்னையிலிருந்து மேலதிகாரி வந்தார். ஜீப் கிளம்பும் நேரம், ஒச்சம்மாள் தயிர்ப்பானையோடு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, இன்ஜினீயரய்யாவே இதை மடியில வெச்சு எங்க ஊருக்குக் கொண்டாரட்டும். தயிர் உடையாம வந்தா என் கைக்கோளாறுதான்."

மேலதிகாரி சிரித்துவிட்டார். "வாங்கிக்குங்க தண்டபாணி. நீங்க போட்ட ரோடுதானே?"

ஒச்சம்மாளும் பின்னால் ஏறிக்கொண்டாள். தண்டபாணியின் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட்டின் மேல், விளிம்பு வரை தயிர் நிறைந்த பானை. ஊர் ரோட்டு முனையில் ஜீப் திரும்பியதுதான் தாமதம், தண்டபாணி அலறினார்: "டிரைவர்! ரோட்டுல விடாதே! வாய்க்கால் கரையில போ!"

ஜீப் நின்றது. மேலதிகாரி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

பின்சீட்டிலிருந்து ஒச்சம்மாள் கேட்டாள்: "ஏங்கய்யா, அப்ப அந்த நிதியை வாய்க்கால் கரையிலயா போட்டீங்க?"