கண் திறக்கும் முன் ஒரு பாட்டு

முன்னொரு காலத்திலே மாங்குள நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. எந்த நேரத்தில் என்ன உத்தரவு போடுவானோ என்று அரண்மனைப் பூனைகூடப் பதுங்கித்தான் நடக்கும்.

அவன் கட்டிய புது மண்டபத்தில் சுவர்ச் சித்திரம் எழுதிக்கொண்டிருந்தான் உலகளந்தான். மூன்று வருஷ வேலை. யானை, குதிரை, தேவர்கள், பட்டத்து ராணி எல்லாம் எழுதியாச்சு, கண்கள் மட்டும் பாக்கி. எழுதின கையே கடைசி நாளில் கண் திறக்க வேண்டும் என்பது சித்திரக்காரர்களின் வழக்கம். அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நீளக் கோடு இழுக்கும்போது கை நடுங்காமலிருக்க ஏதாவது பாடிக்கொண்டே இழுப்பான். சும்மா தனக்காகப் பாடுகிற பாட்டு. அது ஒருநாள் ராஜா காதில் விழுந்து தொலைத்தது.

"அடடே, இவனுக்குள்ளே ஒரு பாட்டுக்காரனா! நாளைக்குச் சபையில் பாடு!"

மறுநாள் உலகளந்தான் சபையில் பாடினான். மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. அவனுக்கே தெரிந்தது, காது கூசிப்போச்சு. ராஜா திரும்பி ஆஸ்தான வித்வான் நாகசுந்தரத்தைப் பார்த்தான். இந்த வித்வானுக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். தன் கச்சேரியைப் பாதியில் விட்டுவிட்டு ராஜா சித்திரம் பார்க்க எழுந்து போகிறானே என்று.

"அற்புதம் மகாராஜா! அப்பழுக்கே இல்லை!" என்றார் வித்வான். "மண்டபத் திறப்பு விழாவுக்குப் பக்கத்து நாட்டு ராஜா வருகிறாரே, அவர் முன்னால் பாடட்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு கலையைக் கெடுத்தவன் இன்னொன்றைத் தொடக்கூடாது. பிசகினால் தூரிகையைக் கீழே வைத்துவிடட்டும். இவனுக்கு என்ன பயம்?"

"பலே! பிசகினால் கண்ணை வேறு ஆள் திறப்பான்!" என்று ராஜாவும் கையைத் தட்டிவிட்டான்.

விழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. உலகளந்தானுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே தப்பு என்று சொல்லுங்களேன் என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டான். ராஜாவே மெச்சின பாட்டைக் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல்? எல்லாரும் பேஷ் பேஷ் என்றார்கள். பெண்டாட்டிகூட, "அமிர்தமா இருக்குங்க" என்றாள். மண்டபத்துக்குப் போனால் கண்ணில்லாத ராணி அவனையே பார்ப்பதுபோல் இருந்தது. உன் கண்ணை எவனோ திறக்கப் போகிறானே தாயே என்று வாய்விட்டு அழுதான்.

கடைசியில் மந்திரி வயிரவநாதர் காலில் போய் விழுந்தான்.

"எழுந்திரப்பா. எனக்குச் சங்கீதமும் தெரியாது, சங்கும் தெரியாது," என்றார் மந்திரி. "உன் தப்பு தெரிஞ்ச ஆள் இந்த நாட்டில் ஒருத்தர்தான்."

"அவரா? செத்தாலும் சொல்லமாட்டாருங்க!"

"சொல்வார். உன் வீட்டுக்கே வந்து சொல்வார், பாரேன்."

மறுநாள் சபையில் மந்திரி எழுந்தார். "மகாராஜா, வித்வானே அப்பழுக்கில்லை என்று சொன்ன குரல். இவனை வித்வானின் முதல் சீடன் என்று அறிவித்தால் சபைக்கே பெருமை அல்லவா?"

"அறிவித்தாயிற்று!" என்றான் ராஜா.

வித்வான் முகம் கறுத்துப்போச்சு. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சீடன் பிசகினால் குருவின் கையிலிருக்கும் தங்கத் தோடாவைக் கழற்றிவிடுவார்கள்.

"அ... அவசரமா மகாராஜா? இன்னும் கொஞ்சம்..."

"ஏன் சுவாமி, ஏதாவது குறை இருக்கிறதா?" என்றார் மந்திரி அப்பாவியாக.

இருக்கிறது என்றால் தன் பொய் வெளிப்பட்டுவிடுமே! "குறையா? ஒன்றுமில்லை," என்று சிரித்துவைத்தார் வித்வான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் உலகளந்தான் வீட்டு வாசலில் வித்வான் நின்றார்.

"பாடுடா! ஐயோ, நிறுத்து! தோளை ஏன் தூக்கறே? மூச்சு வயித்திலேர்ந்து வரணும். ஒரு சொல்லை நடுவிலே வெட்டி மூச்சு வாங்கறே. பல்லைக் கடிச்சுண்டு பாடினா எவனுக்குக் கேட்கும்? சுருதியை இறக்கு, உனக்கு இவ்வளவு மேலே எட்டாது. வரியோட கடைசியை முழுங்காதே!"

உலகளந்தானுக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஆனால் இத்தனை நாள் கேட்டு அலைந்தது இதைத்தானே! மூச்சு விஷயம் மட்டும் அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. நீளக் கோட்டை நடுவில் தூக்காமல் இழுப்பதில்லையா, அப்படித்தான். எட்டு நாள் வித்வானும் விடவில்லை, இவனும் விடவில்லை.

விழா அன்று சபை நிறைந்திருந்தது. உலகளந்தான் தோளை இறக்கினான், கண்ணை மூடி, தான் எழுதின ராணியின் புடவைக் கரைக் கோட்டை மனசுக்குள் இழுத்தபடியே பாடினான். பெரிய பாட்டு இல்லை. மேலே போகிற இடத்தில் குரல் லேசாக ஆடிற்று, ஆனால் உடையவில்லை. முடிந்ததும் பக்கத்து நாட்டு ராஜா தலையாட்டினார். அப்போதுதான் வித்வான் மூச்சே விட்டார்.

மந்திரி மெதுவாகக் கேட்டார். "சுவாமி, அன்றைக்கே அப்பழுக்கில்லை என்றீர்களே. அப்புறம் எட்டு நாள் எதைத் திருத்தினீர்கள்?"

ராஜாவுக்கு இப்போதுதான் உறைத்தது. "ஓகோ! தெரிந்தே பொய் சொல்லி இவன் தூரிகையைப் பிடுங்கப் பார்த்தீரா? கழற்றுமய்யா தோடாவை! உலகளந்தான், நீ போட்டுக்கொள்!"

உலகளந்தான் பதறிப்போனான். "வேண்டாம் மகாராஜா. கை கனத்தால் கோடு கோணும். தப்பைச் சொல்லிக் காப்பாத்தினவரும் அவர்தானே. அவர்கிட்டயே இருக்கட்டும்."

ராஜா வித்வான் பக்கம் திரும்பினான். "சரி. ஆனால் இவன் கண் திறந்து முடிக்கும்வரை சாயக் கிண்ணத்தை ஏந்தி நிற்க வேண்டியது நீர்தான்!"

மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டுவிட்டு, ராஜா சபையோடு மண்டபத்துக்கு நடந்தான். உலகளந்தான் சாரத்தில் ஏறி ராணியின் முகத்துக்கு நேரே தூரிகையைக் கொண்டுபோனான். மூன்று வருஷமாகக் காத்திருந்த கண். கை வெடவெடவென்று நடுங்கியது.

கிண்ணம் ஏந்தி நின்ற வித்வானுக்குப் பொறுக்கவில்லை. தன்னை மறந்து அதட்டினார்:

"தோளை இறக்குடா! பாடிண்டே இழு!"

உலகளந்தான் பாடினான். ராணி கண் திறந்தாள்.