சுருட்டில் மணத்த குங்குமப்பூ

கொடுக்காப்புளிக்கோட்டை என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள். அதன் எல்லை எது என்பதில் அந்த ஊர் ராஜாவுக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. ராஜா வீரபெருமாள் நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது கண்ணை மூடிக்கொண்டு கனத்த குரலில் பேசினால் உடனே நம்பிவிடுவார்.

கப்பல் வியாபாரி ஒருவர் அவருக்கு ஒரு பெட்டி மணிலாச் சுருட்டைக் காணிக்கையாக அனுப்பினார். பெட்டியோடு கனகசபை என்பவரும் வந்து இறங்கினார். சுருட்டின் சுவை அறிந்தவர் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று சொல்லிக்கொண்டார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம். அதில் ராஜாவின் ஆலோசகர் உலகநாதன் உட்கார்ந்திருந்தார். ஆசனம் கனகசபைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆள் பிடிக்கவில்லை.

மறுநாள் சபையில் கனகசபை சுருட்டைப் பற்றவைத்துக் கண்ணை மூடினார்.

"கண் விழித்திருந்தால் நாக்கு தூங்கிவிடும். நான் சுவைக்கும்போது சபையில் ஒரு சத்தமும் வரக்கூடாது" என்றார். இழுத்தார். ஊதினார். "முதலில் குங்குமப்பூ. பிறகு பனங்கற்கண்டு. கடைசியில், மழை நின்றதும் வருமே, மாந்தோப்பு வாசம்!"

ராஜாவும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆமாம், ஆமாம், குங்குமப்பூ" என்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? சேனாபதிக்கும் குங்குமப்பூ மணத்தது. சங்கீத வித்வானுக்கு வாயெல்லாம் பனங்கற்கண்டு. உலகநாதன் முறை வந்தது.

"எப்படி இருக்கிறது?" என்றார் ராஜா.

"புகை, மகாராஜா."

"புகைக்குள்ளே?"

"அதற்குள்ளேயும் புகைதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் உலகநாதனுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

கனகசபை உச்சுக்கொட்டினார். "நாக்கே மரத்துப்போனவர் சொல்லும் ஆலோசனை மட்டும் எப்படி இருக்கும், மகாராஜா?"

ராஜாவின் முகம் மாறிவிட்டது. "உலகநாதா, நாளைக்கு இன்னொரு தரம் சுவைத்துச் சொல். நாளையும் புகை என்றால் நீ குரங்குமலைக் காவலுக்குப் போகலாம். உன் ஆசனம் இவருக்கு."

குரங்குமலையில் குரங்குகளைத் தவிரக் காவல் காக்க வேறு எதுவும் கிடையாது. கடைசியாக அங்கே போனவர் தலைப்பாகையைப் பறிகொடுத்து, வேட்டியையும் பறிகொடுத்து, இருட்டும்வரை புதரில் காத்திருந்து ஊருக்குள் வந்தார். உலகநாதன் ஒரு சுருட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். முற்றத்தில் உட்கார்ந்தார். கனகசபை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கோமதி! வந்துடுச்சு!" என்று கத்தினார். "ஏலக்காய்! நல்ல ஏலக்காய் வாசம்!"

"அது அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சு!" என்றாள் அவர் மனைவி. "வெறும் சுருட்டைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

உலகநாதன் கண்ணைத் திறந்தார். நுனியில் பொட்டு நெருப்பு இல்லை.

"அப்போ ஏலக்காய்?"

"பாயசத்துக்கு நான் இடிச்சுக்கிட்டு இருக்கேன்."

உலகநாதன் சுருட்டைப் பார்த்தார். உரலைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"சிரிச்சது போதும். குரங்குமலைக்கு நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நானும்தான் போகப்போறதில்லை. பாயசத்தை ஊத்து."

மறுநாள் உலகநாதன் சபையில் கைகட்டி நின்றார். "மகாராஜா, எனக்கு நாக்கு போதாதுதான். ஐயா இன்னொரு முறை சுவைக்கட்டும். நானே பக்கத்திலிருந்து நெருப்புப் பிடித்து, நாலு சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்."

கனகசபைக்குப் பெருமை தாங்கவில்லை. சுருட்டை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உலகநாதன் தூபக்காலிலிருந்து இடுக்கியில் ஒரு நெருப்புக் கங்கை எடுத்து, சுருட்டின் நுனிக்கு ஒரு விரற்கடை தள்ளியே பிடித்தார். முகத்தில் சூடு பட்டதும் கனகசபை இழுக்க ஆரம்பித்தார். கங்கு சத்தமில்லாமல் தூபக்காலுக்குத் திரும்பிப் போயிற்று. ராஜா பிடித்துக்கொண்டிருந்த சுருட்டின் புகை சபை முழுக்கச் சுற்றியது. என்ன நடக்கிறது என்று ராஜாவுக்குப் புரிந்தபோது, உலகநாதன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"ஆஹா!" என்றார் கனகசபை. "இன்று குங்குமப்பூ தூக்கல்!"

"காரம் எப்படி, ஐயா?"

"பூ மாதிரி! தொண்டையில் இறங்குவதே தெரியவில்லை."

சேனாபதி மீசையைக் கடித்துக்கொண்டார். உலகநாதன் வெள்ளித் தட்டை நீட்டினார். "சாம்பலைத் தட்டுங்கள், ஐயா." கனகசபை ஒயிலாகத் தட்டினார்.

"ஒன்றும் விழவில்லையே?"

"அசடே, உயர்ந்த சுருட்டு லேசில் சாம்பல் விடாது!"

ராஜா அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார். "இப்போது கண்ணைத் திறக்கலாம், ஐயா" என்றார் உலகநாதன்.

கனகசபை திறந்தார். சுருட்டு அப்படியே புத்தம் புதிதாக இருந்தது. சபை குலுங்கிச் சிரித்தது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உண்மையான ரசிகனுக்கு நெருப்பு எதற்கு? பொருள் எதிரில் இருந்தால் போதும், சுவை தானாக நாக்கில் வந்து உட்காரும்!"

கனத்த குரல் அல்லவா? ராஜாவின் சிரிப்பு நின்றது. "அப்படியும் இருக்குமோ, உலகநாதா?"

உலகநாதனுக்குக் குரங்குமலை மறுபடியும் கண்முன் வந்தது. அதற்குள் மத்தியானப் பந்திக்கு மணி அடித்தது.

"இருக்கலாம், மகாராஜா" என்றார் மெதுவாக. "அப்படிப்பட்டவரைச் சோறு போட்டு அவமதிக்கக் கூடாது. இலை மட்டும் போடுவோம்."

அப்படியே போட்டார்கள். பக்கத்து இலைகளில் ஆட்டுக்கறிக் குழம்பு ஆறாக ஓடியது. வடை வந்தது, அப்பளம் வந்தது. கனகசபையின் இலையில் தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும் இருந்தது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ராஜா அவர் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா, ஐயா?"

அந்த நேரம் பார்த்துப் பாயச வாளி அவர் இலையைத் தாண்டிப் போயிற்று. கனகசபை பாய்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா! குங்குமப்பூவும் இல்லை, கற்கண்டும் இல்லை! வெறும் புகை! முதலில் சோற்றைப் போடச் சொல்லுங்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உலகநாதா, ஆசனம் உனக்கேதான். என்றைக்கும் உனக்கேதான்!" என்று தன் கையாலேயே உலகநாதன் இலையில் இரண்டு வடையை எடுத்து வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கூவினார்.

"யாரங்கே! எனக்கும் வெறும் புகைதான் தெரிகிறதே என்று என் நாக்கைப் பார்க்க நான் வரவழைத்த வைத்தியரை, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்!"