அக்கரை விளக்கு

ஏழு ஊர்கள் சேர்ந்த ஒரு நாடு. ஊருக்கு ஒரு நீதிமன்றம், ஏழுக்கும் பொதுவாக ஒரு பெரிய மன்றம். பெரிய மன்றத்து நீதிபதி தில்லைநாயகம் அறுபதைத் தாண்டியவர், சட்டத்தில் புலி. ஆனால் மனசு குழம்பிவிட்டால் போதும், வடிவாம்பாள் அம்மையின் மடத்துக்கு ஓடிவிடுவார். அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், குருவுக்கு வயதா பார்ப்பார்கள் என்பார் தில்லைநாயகம்.

அன்று உச்சி வேளை நெருங்கும்போது வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார் அம்மை.

"காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை அம்மா."

விஷயம் இதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி விளக்கு செய்து விற்கிறது. அதில் ஒன்று வெடித்து, பூக்கட்டிப் பிழைத்த மரகதவல்லியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. இனி ஒரு முழம் பூக்கூட அவளால் கட்ட முடியாது. பாவம், தன் ஊர் மன்றம் கைவிரித்ததும் மற்ற ஊர்களின் படியையும் ஏறி இறங்கினாள். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். எங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்குக் கடையில்லை, ஆளில்லை, ஏதோ நாலைந்து விளக்கு விற்றிருக்கிறது, அதற்காக அக்கரையில் இருப்பவர்களை இங்கே இழுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள்.

கடைசியாகத் தில்லைநாயகத்திடம் வந்திருக்கிறாள். அவரும் முடியாது என்றால் அக்கரைக்குப் போய்த்தான் வழக்குப் போடவேண்டும். கப்பல் ஏற அவளுக்கு ஏது வழி? நாளைக்கு அவர் முடிவு சொல்லியாக வேண்டும்.

"அவள் கையைப் பார்த்தால் உடனே அவர்களைக் கூப்பிட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் கம்பெனி வக்கீல் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. ஏழில் எந்த ஊரிலும் கால் ஊன்றாதவர்களை நான் எந்த உரிமையில் கூப்பிடுவது?"

அம்மை திருவோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பிச்சைக்கு நேரமாச்சு. வாருங்கள்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பிடிச் சோறுதான் வாங்குவார்கள். இன்னொரு பிடி போட வந்தால் ஓட்டைக் கையால் மூடிவிடுவார்கள். அம்மை வாசலில் நின்று குரல் கொடுக்க, பெரிய மன்றத்து நீதிபதி ஓட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார். ஒரு வீட்டம்மா அவரை அடையாளம் கண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

மடத்துக்குத் திரும்பியதும் அம்மை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து அவருக்கும் ஒரு பங்கு வைத்தார். இறங்கவில்லை என்றவர் இலையை வழித்துச் சாப்பிட்டார். அம்மை அதைப் பார்த்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும், வயிறு நிறையச் சாப்பாடு போட்ட வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வரச் சொன்னார். தில்லைநாயகம் மறுபேச்சில்லாமல் போனார். போன வேகத்தில் திரும்பியும் வந்தார்.

"ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் அம்மா. நாங்கள் ஒரு பிடிதானே போட்டோம், அதில் யாருக்கு வயிறு நிறையும், அது நாங்கள் இல்லை என்கிறார்கள்."

"ஐயோ பாவம். அப்படியானால் நீங்கள் இன்னும் பட்டினியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது. சின்ன ஏப்பமும் இல்லை.

அம்மை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"தெருவே சேர்ந்து போட்ட சோறு. ஒவ்வொரு வாசலாகப் பார்த்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் என் மன்றம் ஒரு வாசலுக்கு மட்டும் உரியதில்லையே. ஏழு ஊருக்கும் பொது. அந்த விளக்குகளை நான் ஏன் ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்?"

அம்மை ஓட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் தில்லைநாயகம் சட்டம் படித்தவர், அவ்வளவு லேசில் விடுவாரா? சரக்கு எப்படியோ கைமாறிக் கைமாறி இங்கே வந்துவிட்டது, நாங்களாக வரவில்லை என்று வக்கீல் சொல்கிறாரே என்றார்.

"இந்தச் சோறு தானாக ஓட்டில் விழுந்ததா?"

"இல்லை. நாம்தான் வாசல் வாசலாக நின்றோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர்களும் நின்றிருக்கிறார்கள் அம்மா. விளக்கை எப்படி ஏற்றுவது என்று பெட்டியில் நம் மொழியில்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஏழு ஊர்த் திருவிழாவுக்கும் பேர் போட்டு விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள்," என்றார்.

கூப்பிட்டுவிட்டால் மட்டும் அவர்கள் குற்றவாளி ஆகிவிடப்போவதில்லை, வந்து தங்கள் பக்கத்தைச் சொல்லட்டும், மரகதவல்லியும் தன் பக்கத்தைச் சொல்லட்டும் என்று அவரே முடிவும் கட்டினார். பாரம் இறங்கிய மாதிரி எழுந்து, அம்மையைக் கும்பிட்டு, வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். யாரையும் சிரமப்படுத்தப் பிடிக்காத மனுஷன். அந்தக் குணத்துக்காகவே அம்மைக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

"இருந்தாலும் ரொம்பத் தூரம் அம்மா. கடல் தாண்டி வரச்சொல்வது அதிகமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது."

அம்மை ஓட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அவர்கள் விளக்கு வந்த தூரம்தானே, ஐயா."