ஆணியில் இல்லாத துடுப்பு

கொளுத்திய சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! நம்பாதவர்கள் எழுந்து போகலாம். எனக்கு முழங்கால் வலி, வழியனுப்ப எழுந்திருக்க மாட்டேன்.

ஆற்றின் அக்கரையில் கோட்டை, இக்கரையில் ஊர். அந்த நாட்டில் எப்போதும் ஈட்டியோடு திரிகிற சேவகர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை நெல் போகும். முரசு கேட்டால் மட்டும் தொழிலை விட்டு ஓடிவருகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கோட்டையில் கஞ்சி; வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. வருகிறவன் தன் தொழிற்கருவியைக் கோட்டை வாசல் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு ஈட்டியை வாங்கிக்கொள்வான். கருவி இங்கே இருந்தால் ஆள் எங்கே போவான் என்பது அந்தக் காலத்து ராசாக்களின் யோசனை.

ஒருமுறை முரசு கேட்டது. எதிரி வருகிறான் என்றார்கள். மூன்று மழைக்காலம் மதில்மேல் நின்றோம். கொசுதான் வந்தது.

எங்களோடு நின்றவன் ஓடக்காரன் மாசாணன். அவன் துடுப்பு ஆணிக்குப் போனதும் ஓடம் நின்றது, கோட்டைக்கு அரிசியும் நின்றது. மூன்றாம் நாள் அவன் பெண்சாதி செம்பாயி வெள்ளத்தில் நீந்தியே வந்து சேர்ந்தாள்.

“துடுப்பைக் கொடுய்யா.”

“மாட்டினதை எடுக்கக் கூடாதுடி.”

“வேற ஒண்ணு செதுக்கலாம்னா தச்சன் உளியும் இதே சுவத்துலதான் தொங்குது. அப்புறம் கஞ்சிக்கு மணலையா காய்ச்சுவீங்க?”

மாசாணன் எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அவள் ஓட்டினாள். ராசாவின் அரிசிக்குக் கூலி கிடையாது. ஊர்க்காரர்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அவள் பிள்ளைகள் இரண்டும் கீரையை வேகவைத்துத் தின்றன.

கோட்டைக் கணக்கர் திருமேனியும் தினமும் அந்த ஓடத்தில்தான் வருவார். “இன்றைக்கும் தாமதமா? மாசாணன் இருந்தால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் கரை சேர்ப்பானே!” என்பார்.

“மதிலை விட்டு இறக்கி அனுப்புங்க கணக்கய்யா, சேர்ப்பாரு” என்பாள் அவள்.

மூன்றாம் வருஷம் ராசாவுக்கு மனம் இரங்கியது. “முரசு கேட்டு வந்தவர்கள் வீட்டுக்கும் இனி அதே ஒரு மூட்டை நெல். எவன் கருவி ஆணியில் தொங்குகிறதோ அவன் பணியில் இருக்கிறான்” என்று ஓலை எழுதினார். ஊரே கோணியோடு கோட்டை வாசலில் வரிசையில் நின்றது. செம்பாயியின் முறை வந்தபோது கணக்கர் சுவரைப் பார்த்தார்.

“துடுப்பு இல்லை. ஆகவே மாசாணன் பணியில் இல்லை. நெல்லும் இல்லை.”

வழக்கு ராசாவிடம் போனது.

“தாங்கள் எழுதியபடி நடந்தேன்” என்றார் கணக்கர்.

“ஒரு நாள்கூட மதிலை விட்டு இறங்கலை சாமி” என்றான் மாசாணன்.

செம்பாயி கொப்புளம் வெடித்த கையால் துடுப்பை நீட்டினாள். “மாட்டிடுறேன் மகாராசா. பிள்ளைங்க சோறு தின்னும். நாளையிலிருந்து கோட்டை எதைத் தின்னும்?”

ராசா கொடுத்த சொல்லை மாற்ற முடியாது. மாற்றாவிட்டால் அந்த வீட்டு அடுப்பு எரியாது. ஓலைப்படி நடந்தவர், ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன், எடுத்துப்போய் ஓட்டியவள். நீங்களே சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி? செம்பாயிக்கு நெல் உண்டா, இல்லையா?

விடை: நெல் உண்டு. ராசா கணக்கரிடம் ஒன்றுதான் கேட்டார்: “தினமும் ஓடத்தில் உட்கார்ந்து, மாசாணன் இல்லையே என்று யாரைத் திட்டினீர்?” ஓடத்தில் அவன் இல்லை என்று தினமும் பார்த்தவருக்கு, அவன் மதிலில் இருக்கிறான் என்று சொல்ல ஆணி எதற்கு? ஆணி கண்ணில்லாதவருக்கு வைத்த அடையாளம். கொடுத்தவனும் சரி, ஓட்டியவளும் சரி. அவள் ஓட்டியதற்கும் தனியாக ஒரு மூட்டை சேர்த்து அளக்கச் சொன்னார் ராசா.

ஓலையை மட்டும் திருத்த மறந்துவிட்டார். அதனால், இந்தக் கதையைச் சொன்னது யாரென்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த மூன்றாம் மழையிலேயே நான் மதிலிறங்கி ஊர் வந்துவிட்டேன். என் மண்வெட்டி இன்னும் அந்த ஆணியில் தொங்குகிறது. மாதம் தவறாமல் நெல்லும் வருகிறது.